ஜனவரியில் போகாமல் இருந்துவிட்டால் என்ன?

கேள்வி: கோவைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் இறுதியாண்டு படிக்கிறேன். அப்பா சோமனூரில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். கல்விக் கடன் இருக்கிறது. வளாக நேர்காணலில், பம்ப்செட்டுகளுக்கு கன்ட்ரோலர் தயாரிக்கும் சிறிய கோவை நிறுவனம் ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்தது. ஜனவரி 5 முதல் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப், மாதம் 15,000 ரூபாய். பிறகு ஆண்டுக்கு 4.2 லட்சத்தில் வேலை. சம்மதம் என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, நானாக விண்ணப்பித்திருந்த சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்று 6.5 லட்சத்துக்கு அழைக்கிறது. மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். “இரண்டுக்கும் சரி என்று சொல்லிவை, ஜனவரியில் கோவைக்குப் போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்துவிடுவார்கள்?” என்கிறார்கள் தோழிகள். “ஆறு மாதம் உதவித்தொகையை வாங்கிக்கொண்டு அப்புறம் சென்னைக்குப் போ” என்கிறார் மாமா. பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் ஜாடையாகக் கேட்டதற்கே கோபப்பட்டார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் செய்ய நினைப்பது துரோகமா?
— வாசகி, சோமனூர்

பதில்:

மூன்று நாள் கெடு என்று எழுதியிருந்ததால், இந்தப் பக்கத்துக்குக் காத்திருக்காமல் அன்றே இரண்டு வரி அனுப்பினேன்: சென்னையிடம் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள், இரண்டு ஆஃபர் கடிதங்களையும் எனக்கு அனுப்புங்கள். அவகாசம் கிடைத்துவிட்டது என்று மறுநாளே எழுதியிருந்தீர்கள். மூன்று நாள் ஏழு நாளாக ஒரே ஒரு மின்னஞ்சல்தான் தேவைப்பட்டது. பெரும்பாலான கெடுக்கள் இப்படித்தான், எச்.ஆர். துறையில் ஒரு அட்டவணையை நிரப்புவதற்காக யாரோ போட்ட தேதி. கேட்டால் கொடுப்பார்கள். கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறுகிற இடம் என்றால், அந்த இடத்தைப் பற்றி இப்போதே தெரிந்துகொண்டது நல்லது.

இருபத்தாறு வருடம் இந்தத் துறையில் ஆட்களை எடுத்து, அனுப்பி, சமாதானம் பேசிக் காலம் தள்ளியவள் நான். உங்கள் இரண்டு கடிதங்களையும் இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஒருமுறைகூட முழுதாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், அம்மணி. உங்கள் வயதில் யாரும் படிப்பதில்லை. தொகை இருக்கும் வரியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுவார்கள்.

முதலில் கோவைக் கடிதம். ஆறு மாத இன்டர்ன்ஷிப் பற்றித் தெளிவாக இருக்கிறது: தேதி, தொகை, இடம், யாருக்குக் கீழே வேலை. அதற்கு அடுத்த பத்தியில், “செயல்பாடு திருப்தியாக இருந்தால் 4.2 லட்சம் ஊதியத்தில் நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்கப்படுவீர்கள்” என்று இருக்கிறது. பரிசீலிக்கப்படுவீர்கள் என்பதுதான் அங்கே சொல். வேலை தருகிறோம் என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்கிறார்கள். அப்படியானால் நீங்கள் சம்மதம் என்று அனுப்பிய மின்னஞ்சல் எதற்கான சம்மதம்? ஜனவரி 5-ஆம் தேதி வந்து ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய்கிறேன் என்பதற்கு. ஜூலைக்குப் பிறகான வாழ்க்கையை அவர்களும் உங்களுக்குத் தரவில்லை, நீங்களும் அவர்களுக்குத் தரவில்லை. துரோகமா என்று கேட்டீர்களே, அந்தச் சொல்லின் பாதி எடை இந்த இடத்திலேயே குறைந்துவிடுகிறது. மீதிப் பாதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனிச் சென்னைக் கடிதம். 6.5 லட்சம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் ஒரு வருடத்தில் எந்தெந்த வகையில் செலவு செய்கிறதோ அத்தனையும் சேர்ந்த தொகை. பின்னிணைப்பில் உள்ள அட்டவணையை எடுத்து வையுங்கள். சேர்க்கைப் போனஸ் 75,000. ஒரே முறைதான், இரண்டு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். செயல்திறனைப் பொறுத்த மாறும் ஊதியம் 65,000. முழுதாக வரலாம், பாதி வரலாம். வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.-இல் நிறுவனத்தின் பங்கு மாதம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, 11,544. காப்பீடு 12,000. இவற்றையெல்லாம் கழித்தால் 4,64,856 ரூபாய் நிற்கிறது. பன்னிரண்டால் வகுத்து, உங்கள் பங்கு பி.எஃப். 1,800-ஐயும் தொழில் வரியையும் கழித்தால், மாதம் கைக்கு வருவது 36,700 ரூபாய் அளவில். வருமான வரி இந்தத் தொகைக்கு வராது.

கோவை நிறுவனத்தின் 4.2 லட்சத்தில் மாறும் ஊதியம், போனஸ் எதுவும் இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி போகக் கைக்கு 30,300 ரூபாய் அளவில் வரும். தாளில் 2.3 லட்சமாகத் தெரிந்த வித்தியாசம், மாதச் சம்பளத்தில் ஆறாயிரத்துச் சொச்சம். சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் பெண்கள் விடுதியில் சாப்பாட்டுடன் ஒரு கட்டிலுக்கே அதைவிட அதிகம் கேட்பார்கள். கோவைக்கு நீங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம்.

அதனால் சென்னை வேண்டாம் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். போனஸும் மாறும் ஊதியமும் கைக்கு வந்தால் அது கல்விக் கடனில் ஒரு நல்ல துண்டு. ஐ.டி.-யில் இரண்டு மூன்று வருடம் கழித்து வேறு இடத்துக்கு மாறும்போது சம்பளம் ஏறுகிற வேகமும் வேறு. கோவையில் முதல் ஆறு மாதம் வெறும் 15,000 என்பதையும் கணக்கில் வையுங்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான்: 6.5-ஐயும் 4.2-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அந்த இரண்டு எண்களும் ஒரே தராசில் நிறுக்கக்கூடியவை அல்ல.

சென்னைக் கடிதத்தில் இன்னும் இரண்டு வரிகள் கண்ணில் உறுத்துகின்றன. ஒன்று, பணியில் சேரும் தேதி “வணிகத் தேவையைப் பொறுத்துப் பின்னர் அறிவிக்கப்படும்” என்பது. 2022-இல் படிப்பை முடித்து, கையில் ஆஃபர் கடிதத்தோடு ஐ.டி. நிறுவனங்களின் அழைப்புக்காக ஒரு வருடம், சிலர் இரண்டு வருடம்கூடக் காத்திருந்த கதை உங்கள் சீனியர்களைக் கேட்டால் தெரியும். 2023 பிப்ரவரியில் ஒரு பெரிய நிறுவனம், 6.5 லட்சம் என்று எடுத்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. அதுவும் செய்தித்தாள்களில் வந்ததுதான். ஆகவே சேரும் தேதி உத்தேசமாக எந்த மாதம், சென்ற வருடம் எடுத்தவர்கள் எப்போது சேர்ந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, இரண்டு வருடம் விலகாமல் இருப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டு, மீறினால் 2 லட்சம். “அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது” என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருப்பதாலேயே அது முழுவதும் கிடைத்துவிடாது. அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். அது உங்களுக்குச் சாதகமான பக்கம். ஆனால் 2025 மே மாதம், பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற பாண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாண்டு என்றாலே வெற்றுக் காகிதம் என்ற காலம் முடிந்துவிட்டது. இரண்டு வருடம் இருக்க மனம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்குக் காட்டலாம். அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது. வெற்றுக் காசோலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனித் தோழிகளின் யோசனை. ஜனவரியில் போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்துவிடுவார்கள்? ஒன்றும் செய்யமாட்டார்கள். வந்து வேலை செய் என்று உங்களை எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. பயிற்சிக்கு வராத மாணவியைத் தேடி ஒரு சிறு நிறுவனம் வக்கீலையும் அனுப்பாது. தோழிகள் சொல்வது அந்த அளவில் உண்மை.

என் மேசை டிராயரில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் வராமல் போனவர்களின் அடையாள அட்டைகளைப் போட்டுவைத்திருக்கிறேன். புகைப்படம், ரத்த வகை, பணியாளர் எண் எல்லாம் அச்சிட்டு, கழுத்து நாடாவும் கோத்துத் தயாராக வைத்தவை. சேரும் நாள் காலை ஒன்பது மணிக்கு வரவேற்பு மேசையில் வைப்போம். பத்தரைக்கு நான் போன் செய்வேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். மறுநாள் அந்த எண்ணே இருக்காது. ஏன் அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த முகங்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எனக்கு நினைவில் நிற்பவர்கள் வேறு ஆட்கள். அந்த ஒவ்வொரு அட்டைக்கும் பின்னால், “மன்னிக்கவும், இடம் நிரம்பிவிட்டது” என்று நான் சொல்லி அனுப்பிய இன்னொருவர் இருந்தார்.

ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கிற இடத்தில் இத்தனை பேர் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் எடுப்பார்கள். அறுபது பேர் உள்ள நிறுவனத்தில் அந்தக் கணக்கு கிடையாது. உங்கள் கல்லூரியிலிருந்து எடுத்தது இரண்டே பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதாக வந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒருவேளை உங்கள் வகுப்பிலேயே மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். இந்த வாரம் நீங்கள் விலகினால் அவருக்கு அந்த இடம் கிடைக்க வழி இருக்கிறது. ஜனவரி 5-ஆம் தேதி வராமல் இருந்தால் அவர் அதற்குள் வேறு எங்காவது, கிடைத்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டிருப்பார். உங்கள் மௌனத்துக்கு விலை கொடுப்பது அந்த முதலாளி என்று நினைக்கிறீர்கள். அவர் கொஞ்சம்தான் கொடுப்பார்.

நிறுவனங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்கத் தோன்றும். இல்லை. அதை உள்ளே இருந்து பார்த்தவள் நான். 2008-இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, 2009 ஜனவரியில், நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம் பதினொரு பேருக்குக் கொடுத்த ஆஃபர்களைத் திரும்பப் பெற்றது. மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்றார் மேலதிகாரி. ஒன்பது பேரைப் போனில் கூப்பிட்டேன். ஒரு வீட்டில் அம்மாதான் எடுத்தார். பையன் கடைக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டு, நான் யார் என்று தெரிந்ததும், “எப்போது சேர வேண்டும் என்று சொல்லத்தானே கூப்பிட்டீர்கள்? பெட்டியெல்லாம் வாங்கிவிட்டோம்” என்றார். அதற்குப் பிறகு மீதி இருந்த இரண்டு பேரைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை, மின்னஞ்சல் போட்டுவிட்டேன். அந்த ஒன்பது அழைப்புகளில் என்னைத் திட்டியவர்களும் உண்டு. ஆனால் இன்றைக்கும் உறுத்துவது கூப்பிடாமல் விட்ட இரண்டு பேர்தான். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் இருந்திருக்கிறார். போனில் பேசியிருந்தால், ராஜினாமாவைத் திரும்பப் பெறுங்கள் என்று அன்றே சொல்லியிருப்பேன். மின்னஞ்சலை அவர் ஐந்து நாள் கழித்துத்தான் பார்த்தார்.

அப்பாவிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் சொல்ல வேண்டியவர் அவர் என்று எனக்குப் படுகிறது. ஒருவரிடம் பாவு நூல் வாங்கித் தறியில் ஏற்றிவிட்ட பிறகு இன்னொருவர் மீட்டருக்குக் கூடுதலாகத் தருகிறேன் என்று வந்தால் என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். பாவை அறுத்து எறியமாட்டார். ஓடுகிற பாவை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பேசுவார். முடியவே முடியாது என்றால் கொடுத்தவரை நேரில் பார்த்துச் சொல்லுவார். ஒப்புக்கொண்டதைக் கொடுக்காமல் விட்டால் எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். 2021 நவம்பரில் பேசி முடித்த கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்றுதானே 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன? உங்கள் வீட்டிலும் நின்றிருக்கும்.

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். ஆறு மாதம் கோவையில் கற்றுக்கொண்டு, உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு, ஜூலையில் சென்னைக்குப் போவது. இதில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று: ஒளித்துவைப்பது. அதை எடுத்துவிட்டால் யோசனை அவ்வளவு மோசமில்லை. முன்பு சொன்ன அந்த மீதிப் பாதி இதுதான். நீங்கள் ஜூலைக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வருவீர்கள் என்று நம்பித்தான் ஒரு மூத்த பொறியாளர் தினமும் இரண்டு மணி நேரம் தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்குச் சொல்லித்தருவார். அந்த நேரத்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. விஷயம் தெரிந்தால்தான் அவரால் முடிவு செய்ய முடியும். ஆகவே, “ஜனவரியில் வருகிறேன், ஆறு மாதமும் முழுதாக வேலை செய்கிறேன், ஜூலைக்கு வேறு ஒரு வாய்ப்பு இருக்கிறது, இன்றைக்கு உறுதி சொல்ல முடியவில்லை. இப்படி இருந்தால் உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் நான் பார்த்த வரையில் இப்படிக் கேட்டவர்களில் கணிசமானவர்களை வரச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு ஜூலைக்குள் சம்பளத்தையும் கொஞ்சம் உயர்த்திப் பேசியிருக்கிறார்கள்.

எந்த வேலையை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். உங்கள் கடிதம் நான்கு பக்கம். சென்னையில் என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஆஃபர் கடிதத்திலும் இல்லை, எந்தத் திட்டத்திலும் அமர்த்தப்படலாம் என்றுதான் இருக்கிறது. கோவை நிறுவனத்தின் சோதனை மேசையில் நடந்ததை மட்டும் பதினைந்து வரி எழுதியிருக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருந்த மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸில் ஒன்றைப் பொறியாளர் பிடுங்கியது, மோட்டார் உறுமியது, அடுத்த நொடி மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே ‘டக்’ என்று விழுந்து மோட்டார் நின்றது, “இது இல்லாமல்தான் எங்கள் சித்தப்பா தோட்டத்து மோட்டார் இரண்டு முறை காயில் எரிந்து போனது” என்று நீங்கள் அவரிடம் சொன்னது. கேட்காமலே எழுதிய பதினைந்து வரி அது. அதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். படித்த பிறகும் சென்னைதான் என்றால் சென்னைக்கே போங்கள். கடன் அடைப்பதும் ஒரு நல்ல காரணம்தான், அதற்காக யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

விலகுவது என்று முடிவானால் மின்னஞ்சலில் ஆரம்பிக்காதீர்கள். உங்களை நேர்காணல் செய்தவரைப் போனில் கூப்பிடுங்கள். “சார், ஜனவரி 5-ஆம் தேதி வருகிறேன் என்று எழுதியிருந்தேன். வேறு ஒரு வேலைக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். சம்மதம் சொன்ன பிறகு மாறுகிறேன், அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க நேரம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று கூப்பிட்டேன்.” இவ்வளவு போதும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை, மேற்படிப்புக்குப் போகிறேன் என்றெல்லாம் கதை கட்ட வேண்டாம். கோவைத் தொழில் வட்டாரம் சின்னது, மூன்றாவது வாரமே உண்மை தெரிந்துவிடும். எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அதிகம் வாங்குவதற்காக அந்தத் தொகையைப் பேரத்துக்கு வைக்கிறீர்கள் என்றால், அவர்கள் கொடுத்தால் இருந்துவிடுவீர்கள் என்ற எண்ணம் உண்மையாக இருக்கும்போது மட்டும் வையுங்கள். அவர் இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். நான்காவது வார்த்தைக்கு மேல் போனால், “சரிங்க சார், நன்றி” என்று வைத்துவிடலாம். அன்று மாலையே அதே விஷயத்தை மூன்று வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள். பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

கோவையிலேயே இருப்பது என்றால் சென்னைக்கும் இதே மரியாதை வேண்டும். பெரிய நிறுவனம், யார் கவனிக்கப்போகிறார்கள் என்று கெடு முடியும் வரை சும்மா இருந்துவிடாதீர்கள். அங்கே காத்திருப்போர் பட்டியலிலும் யாரோ ஒருவர் தினமும் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிளேஸ்மென்ட் அதிகாரியின் கோபத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்ற விதியைப் பல கல்லூரிகள் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இப்படி இரண்டு முறை நடந்தால் சிறு நிறுவனங்கள் அந்தக் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிடுகின்றன. அடுத்த வருட மாணவர்களுக்காக அவர்தான் மறுபடியும் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். ஜாடையாகக் கேட்காமல், முடிவெடுத்த பிறகு நேராகப் போய்ச் சொல்லுங்கள். சான்றிதழைத் தரமாட்டேன் என்று மிரட்டினால் மட்டும் பயப்படாதீர்கள்; மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது.

உங்கள் அவகாசம் வெள்ளிக்கிழமை முடிகிறது. புதன்கிழமை காலை பத்தரை மணிக்குக் கூப்பிடுங்கள். ஒன்பதுக்கு வேண்டாம், அது ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற நேரம். ஒரு முறை எடுக்கவில்லை என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை.